பதிவேட்டில் அத்தை

சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது. அடுத்த கணம் பெரிஹானின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"கொஞ்சம் வாயை மூடுங்கடி! ரேடியோ என்ன சொல்லுதுன்னு கேக்க விடுங்க!"

நான் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். ஹூரியே மேஜையருகே உட்கார்ந்து விரல்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கடிதம் எழுதும் முன் அவள் தவறாமல் செய்கிற காரியம் அது. நாள் முழுக்க ஹெர்ரிங் மீனின் வயிற்றைக் கிழித்த கை. மூன்று கையுறை போட்டுக்கொண்டாலும் வாடை போகாது. "காகிதத்துல மீன் நாறினா யாஷார் மூக்கைப் பொத்திக்குவான்டி," என்பாள்.

ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து தினமும் மாலையில் எங்கள் துருக்கி பாஷையில் ஒரு ஒலிபரப்பு உண்டு. அந்த நேரத்தில் விடுதிச் சமையலறையில் பதினான்கு பெண்களும் ஒரே சமயத்தில் பேசுவார்கள், வெங்காயம் வதக்குவார்கள், சண்டை போடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள். அந்த அமைதியே என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டது.

பெரிஹான் உள்ளே வந்தாள். கையில் உடைந்த கூஜாவின் பிடி மட்டும் இருந்தது.

"இனிமே நம்ம ஊர்லேர்ந்து ஒரு ஆளையும் வேலைக்கு எடுக்க மாட்டாங்களாம். இன்னையோட நிறுத்திட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"மந்திரி. அரபு நாட்டுல எண்ணெய்க் குழாயை மூடிட்டாங்களாம், அதனால வேலை குறைஞ்சிடுமாம்."

"அங்க எண்ணெயை மூடினா இங்க மீனுக்கு என்னடி வந்துச்சு?" என்றேன். "மீனு வந்துக்கிட்டேதானே இருக்கு?"

"அதை மந்திரிகிட்ட போய்க் கேளு. போகும்போது கையை மட்டும் நல்லாக் கழுவிக்கிட்டுப் போ."

ஹூரியே சிரிக்கவில்லை. எலுமிச்சைத் தோலை மேஜை மேல் வைத்தாள்.

"ஏற்கனவே பேர் குடுத்தவங்களுக்கு?" என்று கேட்டாள்.

பெரிஹான் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த அறையில் மூன்று பேருக்கும் அந்தப் பேர் யாருடையது என்று தெரியும். ஹூரியேவின் அண்ணன் ஹாலித்.

அந்தப் பேர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹூரியே கருங்கடல் பக்கத்துக்காரி. ஸோங்குல்டாக் மலைச்சரிவில் நிலக்கரியும் மழையும் சேர்ந்து கறுத்துப்போன ஒரு ஊர். பத்தொன்பது வயதில் ஸாலிஹ் என்பவனைக் கைப்பிடித்தாள். இமாம் வந்து ஓதினார், ஊர் சாப்பிட்டது, கல்யாணம் முடிந்தது. நகரத்துக்குப் போய் அரசாங்கப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழை நிற்கட்டும், தோட்டத்தில் கொட்டை பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்துபோயின. மூன்றாவது தங்கியது. அதற்கு யாஷார் என்று பெயர் வைத்தார்கள், உயிரோடு இருப்பான் என்று அர்த்தம். பிள்ளை உயிரோடு இருந்தான், தகப்பன்தான் போய்விட்டான். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகும்போது, மலையில் யாரோ தோண்டிய கள்ளச் சுரங்கம் ஒன்று ஸாலிஹின் மேல் சரிந்தது.

அப்போதுதான் ஜெர்மனி கூப்பிடுகிறது என்ற பேச்சு. ஆண்கள் பேர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பெண்களை மாதங்களில் கூப்பிட்டார்கள். "தனி ஆளுன்னா உடனே எடுக்கிறாங்க. கைக்குழந்தைக்காரின்னா யோசிக்கிறாங்க," என்று தாலுகா அலுவலகத்து எழுத்தர் சொன்னார். யாஷாரின் பிறப்பையும் அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை. அண்ணன் ஹாலித்துக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அவர் நகரத்துக்குப் போய்ப் பையனைத் தன் பிள்ளை என்றும் தன் மனைவி எல்மாஸ் பெற்றவன் என்றும் எழுதிவிட்டு வந்தார்.

"பேப்பர்லதானே தங்கச்சி," என்றாராம். "பையன் உன் பையன்தான்."

இதைப் படிக்கிறவர்கள் ஹூரியேவைத் திட்டலாம். ஆனால் எங்களில் யார் அப்படிச் செய்யவில்லை? இறந்துபோன அக்காவின் அடையாளச் சீட்டில் வந்த தங்கை எங்கள் மாடியிலேயே இருந்தாள். பெரிஹானுக்கு இரண்டு வயது உண்டு, பிறந்த வயது ஒன்று, பேப்பர் வயது ஒன்று. யாருக்கும் அது பொய்யாகத் தோன்றவே இல்லை. பேப்பர் அரசாங்கத்துக்கு, பிள்ளை நமக்கு என்று நினைத்தோம்.

இஸ்தான்புல்லில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, பல்லைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார்களே, அந்தக் கதையை ஹூரியே நடித்தே காட்டுவாள். டாக்டர் அவள் அடிவயிற்றில் இருந்த வரிகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாராம். "முன்னாடி நான் ரொம்ப குண்டு டாக்டர். பஞ்சத்துல இளைச்சிட்டேன்னு சொன்னேன். அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே முத்திரை குத்திட்டாரு!" நாங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்போம். ஐயோ, எந்த வாயால் அப்படிச் சிரித்தோம்!

நான்கு வருடத்தில் மூன்று கோடை விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போனாள். மூன்று முறையும் பையன் அவளை "அத்தை" என்றுதான் கூப்பிட்டான். அதிகாரி யாராவது கேட்டால் உளறிவிடக்கூடாது என்று ஹாலித் அப்படிப் பழக்கியிருந்தார், ஊர்ப் பெரியவர்களும் பிள்ளைகள் காதில் எதையும் போடவில்லை. ஹூரியேவும் சரி என்றாள். ஏனென்றால் வழி கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் மீன் தொழிற்சாலையில் நல்ல வேலைக்காரி கேட்டால், அவளுடைய உறவினரைப் பேர் சொல்லி வரவழைப்பார்கள். அண்ணன் வேலைக்கு வருவார். வந்தபின் தன் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். பேப்பரில் அவர் பிள்ளையான யாஷாரும் வருவான். நாங்கள் வேலை பார்த்த துறைமுக நகரமான ப்ரெமர்ஹாஃபனில் இறங்கிய அன்றே பையனுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். ஹாலித் முதல் வைத்தியப் பரிசோதனையில் தேறியிருந்தார். இரண்டாவதற்கு டிசம்பர் பதினொன்றாம் தேதி கொடுத்திருந்தார்கள்.

நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி மந்திரி நிறுத்திவிட்டார். பதினெட்டு நாள்!

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஹூரியே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குப் போனாள். ரப்பர் பூட்சைக்கூடக் கழற்றவில்லை. அங்கே ப்ரோக்மன் என்ற அதிகாரி இருந்தார், கடுகடுப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அவர் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஸாபித் ஐயா. அங்காராவில் படித்தவர், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை.

"என்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்?" என்று ப்ரோக்மன் ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட்டார். ஸாபித் ஐயா அதை எங்களுக்குச் சொன்னார். "வசந்த கால மீனுக்கு முப்பது பேர் கேட்டிருந்தேன். பேர், ஊர் எல்லாம் எழுதி நாலு மாசம் ஆச்சு. ஒருத்தரும் கிடையாதுன்னு ஒத்தை வரியில பதில் வருது. மீனை நான் போய்க் கிழிக்கவா?"

ஹூரியே நகரவில்லை. அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். அவளுடைய கோப்பைப் புரட்டினார்.

"இங்கே இருக்கிறவங்க தங்களோட குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம். புருஷன், சின்னப் பிள்ளைங்க. அதை நிறுத்தலை. இந்தப் பொண்ணுக்கு அப்படி யாராவது உண்டா?"

ஸாபித் ஐயா கேட்டு முடிக்கவில்லை, ஹூரியே சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான்."

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். ஸாபித் ஐயாவின் முகம் மட்டும் மாறவே இல்லை. அதே புன்னகையோடு, வானிலையைப் பற்றிப் பேசுகிறவர்போல, எங்கள் பாஷையில் பேசினார்.

"தங்கச்சி, நான் இன்னும் மொழிபெயர்க்கலை. உன் கோப்புல, தனி ஆள், குழந்தை இல்லைன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க. நான் வாயைத் திறந்தா, பொய் சொல்லி இந்த நாட்டுக்குள்ள வந்தவள்னு ஆகிடும். அனுமதியை ரத்து பண்ணலாம். ஒருமுறை வெளியே போனா இனிமே திரும்ப வர வழி கிடையாது. பையன் யார் பேர்ல இருக்கான்?"

"அண்ணன் பேர்ல."

"அப்ப நீ அவனுக்கு அத்தைம்மா. அத்தை கூப்பிட்டா இந்தச் சட்டத்துல வர முடியாது."

"என்ன சொல்றா?" என்றார் ப்ரோக்மன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஹூரியேவின் பூட்சிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் சின்னக் குட்டையாகத் தேங்கியது.

"யாரும் இல்லைன்னு சொல்லுங்க," என்றாள்.

அவர் அதை மொழிபெயர்த்தார். ப்ரோக்மன் கோப்பை மூடினார்.

வெளியே வந்ததும் மீன் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் நின்று தன் வாயிலேயே படார் படார் என்று அறைந்துகொண்டாள். "இந்த வாய் சொல்லிச்சே! யாரும் இல்லைன்னு சொல்லிச்சே!" நான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். சங்கு ஊதியது. நாங்கள் உள்ளே போய் எங்கள் இடத்தில் நின்றோம். அதே மேஜையில் பத்தொன்பது வருடம் அவள் நின்றாள். அதில் ஒன்பது வருடம் நான் அவள் பக்கத்தில் நின்றேன். அன்று மத்தியானம் அழுததுபோல் அவள் அழுது நான் மறுபடி பார்க்கவில்லை.

மனசு என்பது சும்மா இருக்குமா? குளிர் முடிவதற்குள் அவளுக்கு இன்னொரு வழி தெரிந்துவிட்டது. ஸாபித் ஐயாவே விசாரித்துச் சொன்னார். ஊர் நீதிமன்றத்தில் மனு போடலாம். பையனைப் பெற்றவள் இவள்தான் என்று மருத்துவச்சி சொல்ல வேண்டும், ஹாலித் தானே வந்து, நான் தவறாக எழுதினேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பதிவேடு திருந்தினால் இங்கேயும் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம். அனுமதி போனாலும் போகலாம்.

"போனா போகட்டும்," என்றாள் ஹூரியே. "பையனை வச்சுக்கிட்டு ஊர்லயே கல்லு உடைப்பேன்."

கடிதம் போட்டாள். ஹாலித் பதில் போடவில்லை. மூன்று கடிதம் போட்டாள். ஜூலை மாதம் பதிலுக்குப் பதிலாக ஹாலித்தே வந்து நின்றார், கையில் யாஷாரைப் பிடித்துக்கொண்டு.

அப்போதெல்லாம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விசா கேட்கமாட்டார்கள். மூன்று மாதம் இருக்கலாம், வேலை செய்யக்கூடாது. ஹாலித் அந்த வழியில் வந்திருந்தார். பிள்ளையோடு வந்தால் எல்லையில் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கூட்டி வந்திருந்தார். துறைமுகத்துக்குப் பின்னால் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் தங்கி, பகலெல்லாம் வேலை தேடினார். கப்பல் பட்டறை, செங்கல் சூளை, எங்கள் மீன் தொழிற்சாலை, எங்கும் ஒரே கேள்வி, "பேப்பர் எங்கே?"

எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விருந்தாளி வரலாம், இரண்டிலிருந்து ஆறு வரை, கீழே வரவேற்பறையில். ஐந்து ஞாயிறு ஹாலித் பையனோடு வந்தார். அந்த ஐந்து ஞாயிறும் ஹூரியே காலையிலேயே மாவு பிசைய ஆரம்பித்துவிடுவாள். கீரை வைத்த ரொட்டி, பால் சோறு, பையனுக்கென்று தனியாகத் தேன். யாஷாருக்கு ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை. அவனைப் பெரிஹான் சீண்டிக்கொண்டே இருப்பாள்.

"ஏய் பல்லு போன கிழவா, எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துக் குடுடா!"

"உங்களுக்கு என்ன வயசு?"

"எந்த வயசு வேணும்? ரெண்டு இருக்கு."

பையன் வயிறு குலுங்கச் சிரிப்பான். ஹூரியே அவன் சிரிக்கிற வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்தாவது ஞாயிறு மழை. ஹாலித் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கப்பல் பட்டறையில் போலீஸ் சோதனை நடந்து, பேப்பர் இல்லாமல் வேலை செய்த ஏழு பேரைப் பிடித்துப் போனார்களாம். மறுநாள் காலை ரயிலில் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார்.

பையனைப் பெரிஹான் ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்க் கப்பல் காட்டினாள். ஹூரியே அண்ணனின் முன்னால் போய் நின்றாள்.

"மனுவுல கையெழுத்துப் போடுங்கண்ணே."

"நீ வேற ஏதாவது பேசு."

"வேற என்னண்ணே எனக்கு இருக்கு பேச?"

ஹாலித் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னு நானே போய்ச் சொல்லணுமா? ஜெயில்ல போடுவான் தெரியுமா?"

"எழுத்தர் சொன்னாரு, அபராதம்தான்னு..."

"அந்த எழுத்தர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. சரி, ஜெயிலை விடு. எழுதி மாத்தினா பையனுக்கு அப்பான்னு யார் பேரைப் போடுவாங்க? ஸாலிஹ் பேரையா? உன் கல்யாணம் எந்தப் பதிவேட்டுல இருக்கு? அந்தக் கட்டத்துல கோடு போட்டு விட்டுடுவான். செப்டம்பர்ல பள்ளிக்கூடம். முதல் நாள் வாத்தியார் எல்லாரோட அப்பா பேரையும் படிப்பாரு. இவன் எழுந்து நின்னு என்ன சொல்லுவான்?"

அதை ஹூரியே யோசித்திருக்கவே இல்லை. அண்ணனும் அதோடு விடவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்க. எல்மாஸ் ராத்திரி அவன் மூச்சுவிடற சத்தம் கேட்டாத்தான் தூங்குவா. நான் இந்த நாட்டுக்கு வந்து மனுஷனா ஆகலாம்னு இருந்தேன், அது போச்சு. பையனும் போயிட்டா நான் அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உனக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. எங்களுக்கு அவன் ஒருத்தன்தான்."

"எனக்கும் அவன் ஒருத்தன்தாண்ணே!"

அந்தக் கத்தலில் பையன் திரும்பிப் பார்த்தான். அறை முழுக்க மற்றப் பெண்களும் அவர்களுடைய விருந்தாளிகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாஷார் ஓடி வந்தான்.

"ஏன் அத்தை அழறீங்க?"

"கீரை நறுக்கும்போது மண்ணு கண்ணுல பட்டுடுச்சு."

அவள் அவனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஹாலித்துக்கும் தெரிந்துவிட்டது, அவர் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கினார், தடுக்கவில்லை.

"யாஷார், உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"நானும் ஒண்ணு கேக்கணும்," என்றான் பையன். "ஊர்ல பசங்க கேக்கச் சொன்னாங்க. நீங்க ஏன் கல்யாணமே பண்ணிக்கலை? உங்களுக்கு ஏன் குழந்தையே இல்லை?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. ஹூரியே அவனையே பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவன் எழுந்து நிற்பதைத்தான் பார்த்தாளோ, ஊரில் விளக்கருகே காத்திருக்கிற எல்மாஸைப் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அவள் சொன்னதில்லை.

"நான் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா இந்த ஊர் மீனுக்கெல்லாம் யாருடா வயித்தைக் கிழிக்கிறது?" என்றாள்.

பையன் சிரித்தான். பெரிஹான் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

"நீங்க என்ன சொல்லணும்னீங்க?"

"ஸ்கூல்ல நல்லாப் படி. அம்மா சொன்னபடி கேளு."

'அம்மா' என்ற அந்தச் சொல்லை எவ்வளவு மெதுவாகச் சொன்னாள்! கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோலச் சொன்னாள்.

ஆறு மணி ஆனதும் விடுதிக்காரம்மா சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. ஹாலித் எழுந்து, தங்கையைப் பார்க்காமல், தொப்பியைத் தலையில் வைத்தார். யாஷார் எங்கள் வழக்கப்படி குனிந்து ஹூரியேவின் புறங்கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். என் கையையும் அப்படியே செய்தான். இரண்டு கைக்கும் ஒரே அவசரம்தான், ஒரே மரியாதைதான்.

"அடுத்த வருஷம் கோடையில வருவீங்கதானே?"

"வருவேன்."

"வரும்போது எனக்குப் பேனா, அம்மாவுக்குக் கம்பளி நூல்."

"சரி."

வாசல்வரை அவள் போனாள். அவர்கள் படியிறங்கினார்கள். ஹாலித் தன் கோட்டின் ஒரு பக்கத்தைப் பையனின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். ஹூரியே வாசற்படியிலேயே நின்றாள். சாரல் அவள் முன்பக்கத்தை நனைத்துக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பும்போது பையன் கோட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி ஆட்டினான்.

"உள்ளே வா, மழை உள்ளே அடிக்குது," என்று விடுதிக்காரம்மா அவளுடைய தோளைப் பிடித்து உள்ளே நகர்த்தினாள். பிறகு கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.